குமேதா சான் சொன்னதும் நான் கேட்டதும்

நீ ஃபோனில் "வைம்மா, பஸ்ஸில் இருக்கேன், இறங்கிக் கூப்பிடுறேன்" என்று சொன்னாய் பார், அதைக் கேட்டுத்தான் அங்கேயிருந்து எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பாக எடுத்துக்காதே தங்கச்சி. முன்பின் தெரியாதவர்களிடம் நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. ஊரில் என் மாமியார் என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் சொல்லுவாள். மெதுவாகப் பேசுகிறேன். இந்த நாட்டு பஸ்ஸில் இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு உதவி செய்வாயா? டிரைவர் தலைக்கு மேலே எழுத்து ஓடுகிறதே, அது உனக்குப் படிக்க வருமா? காலேஜ் பிள்ளையா? நல்லது. இந்தா, இந்தச் சீட்டில் எழுதியிருக்கிற ஸ்டாப் வந்தால் சொல்லு. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கா? இருக்கட்டும், இருக்கட்டும்.

இவள் என் மகள். செண்பா. பஸ் கிளம்பினால் போதும், வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவாள்.

ஒருத்தரைப் பார்க்கப் போகிறேன். குமேதா சான் என்று பேர். சான் என்பது மரியாதைக்குச் சொல்லுவது, நம்ம பக்கம் அண்ணாச்சி என்கிற மாதிரி. அவரிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். போன மாதமும் இதே பஸ்ஸில் வந்தேன். அந்த ஸ்டாப்பில் இறங்கக் கால் வரவில்லை. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அங்கே ஒரு மணி நேரம் குளிரில் நின்று, திரும்பிவிட்டேன். இன்றைக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது. அதனால்தான் உன்னிடம் பேசிக்கொண்டே போகிறேன். நீ ம் சொல்லிக்கொண்டே இரு, அது போதும்.

என் வீட்டுக்காரர் பேர் கோமதிநாயகம். எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். இங்கே கடற்கரை ஓரத்து ஊரில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல். நாங்கள் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நல்லவர். காலையில் ஒன்பதுக்குப் போனால் பிள்ளை தூங்கின பிறகுதான் வருவார். விடுமுறை அன்றைக்கு ஊருக்கு ஃபோன் போட்டு எல்லோரிடமும் பேசுவார். என்னிடம் பேச என்ன இருக்கிறது, நான்தான் வீட்டிலேயே இருக்கிறேனே.

தனியாக இருக்கிறதா என்று கேட்காதே. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கென்ன தனி? பிள்ளை இருக்கிறாள்.

அந்த ஊரில் பேஸ்பால் ஆடுகிற ஒரு குழு இருக்கிறது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். பெரிய குழு பட்டணத்தில் இருக்கும். இன்னும் தேறாதவர்கள், கை கால் அடிபட்டவர்கள் எல்லாம் எங்கள் ஊர் விடுதியில் தங்கி மைதானத்தில் பழகுவார்கள். பேஸ்பால் தெரியுமா? நம்ம கிரிக்கெட் மாதிரிதான். ஆனால் பந்து தரையில் குத்தாது. வீசுகிறவன் ஒரு சின்ன மண்மேட்டில் நின்றுகொண்டு நேராக வீசுவான். அந்த விடுதியில்தான் எனக்குத் துணி துவைக்கிற வேலை. மெஷின்தான் துவைக்கும். முட்டியில் அப்பின செம்மண்ணைத் தேய்த்து எடுக்க மட்டும் ஆள் வேண்டும். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு எட்டு மணிக்குப் போவேன், மத்தியானம் வரைக்கும் வேலை. பேசத் தேவையில்லாத வேலை. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

பந்து வீசுகிறவர்களுக்குக் குமேதா சான்தான் கோச். ஐம்பது வயசு இருக்கும். பெண்டாட்டி பிள்ளையை ஒசாகாவில் விட்டுவிட்டு விடுதியிலேயே ஒரு அறையில் இருந்தார். அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பந்தைக் கொடுக்காமல், முகம் துடைக்கிற துண்டைக் கையில் கொடுத்து, பந்து வீசுகிற மாதிரியே வீசச் சொல்லுவார். துண்டின் நுனி சரியான இடத்தில் பட்டென்று அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மறுபடி. ஒரு நாளைக்கு நூறு, இருநூறு. எனக்கு இதெல்லாம் தெரியாது. துண்டு எல்லாம் ஒரு பக்கம் மட்டும் நார் நாராகக் கிழிந்து வருகிறதே, எந்தப் பாவி இப்படிக் கிழிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, நாற்பது துண்டுக்கும் ஓரம் மடித்துத் தைத்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை. கை சும்மா இருக்காது எனக்கு.

அதற்கு மறுநாள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டு இருக்கிறேன், இவர் வந்து நிற்கிறார். ஆளும் உயரம். வலது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும். குனிந்து வணங்கினார். ஃபோனை எடுத்து அதில் அவர் பாஷையில் என்னவோ சொன்னார். உடனே அந்த ஃபோனுக்குள்ளே இருந்து ஒரு பொம்பளை தமிழில் பேசினாள். "துண்டுகளைச் சீர்செய்தமைக்கு நன்றி. அவற்றைக் கிழிப்பவன் நானே."

ஐயோ என்று கூடையைப் போட்டுவிட்டேன்.

சிரிக்காதே. அந்த ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, வீட்டுக்கு வெளியே காதில் விழுந்த முதல் தமிழ் அது. ரேடியோவில் செய்தி வாசிப்பார்களே, அந்தத் தமிழ். ஏழாவது வரைதான் நான் படித்தது. எங்கள் தமிழ் டீச்சர் ஒருத்திதான் அப்படி ழகரம் ளகரம் எல்லாம் சுத்தமாகப் பேசுவாள்.

அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு வருவார். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம், இரண்டு சிகரெட் பிடிக்கிற நேரம். அவர் ஃபோனிடம் சொல்லுவார், ஃபோன் என்னிடம் சொல்லும். அவருடைய கதைதான். பிறகு ஃபோனை என் பக்கம் நீட்டுவார், நீயும் சொல்லு என்கிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிடும். கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "ஹாய், ஹாய்" என்பேன். ஆமாம் என்று அர்த்தம். உனக்குத் தெரிந்திருக்குமே. எட்டு மாதமும் அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஓட்டிவிட்டேன்.

பாவம் தங்கச்சி அவர். அவ்வளவு பெரிய விடுதியில் பேச ஒரு ஆள் இல்லை. கோச் என்றால் பயப்படுவார்கள் இல்லையா? என்னிடம் நாலு வார்த்தை பேசினால் அவருக்கு ஒரு ஆறுதல். அதற்காகவே பதினொரு மணி வேலையை மெல்ல இழுப்பேன். சில நாள் காய்ந்துபோன துணியை மறுபடி நனைத்துக்கூட காயப்போட்டிருக்கிறேன். அவருக்காகத்தான்.

என்ன கதையா? சொல்கிறேன். பள்ளிக்கூடம் முடித்ததுமே பெரிய குழு அவரை எடுத்துக்கொண்டது. ஊரே ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்ததாம். "எனது முதல் வெற்றி பத்தொன்பதாவது வயதில் நிகழ்ந்தது. மழை பெய்தது." இப்படித்தான் சொல்லும் அந்த ஃபோன். பிறகு தோள். வெட்டி, தைத்து, ஒரு வருஷம் பந்தைத் தொடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். நடுவில் நாலைந்து வருஷம் என்ன ஆயிற்று என்று தெரியாது. அப்புறம் வேறே ஒரு வேலை கொடுத்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மட்டை பிடிக்கிறவர்கள் அடித்துப் பழக வேண்டும் இல்லையா, அவர்களுக்கு அடிக்கத் தோதாகப் பந்து போடுகிற வேலை. வேகமாகவும் போடக்கூடாது, திருப்பியும் போடக்கூடாது. அவர்களுக்குப் பிடித்த இடத்தில் போட வேண்டும். "ஏழு ஆண்டுகள் நான் அடிக்கப்படுவதற்காகவே வீசினேன். என் பந்தில் எவரும் தோற்கவில்லை." இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தப் பொம்பளை சிரிக்கவில்லை. பிறகு கோச் ஆனார். வரிசையாகச் சொல்லவில்லை என்று அப்போது எனக்குக் குறைதான். முன்னே பின்னே சொன்னால் யாருக்குப் புரியும்?

இதுவா ஸ்டாப்? இன்னும் இல்லையா. ம்.

அக்டோபரில் ஒரு நாள் கோட்டு சூட்டைக் கொண்டுவந்தார். இரண்டு கையிலும் ஏந்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி. கறுப்புக் கோட்டு, கறுப்புப் பேன்ட். தேய்த்துக் கொடு என்று ஜாடை காட்டினார். அன்றைக்கு ஃபோனை எடுக்கவில்லை. சிகரெட்டும் பிடிக்கவில்லை.

அவரை நான் டிராக் பேன்டில் தவிரப் பார்த்ததே இல்லை. நம்ம ஊரில் கோட்டு சூட்டு எப்போது எடுப்பார்கள், நீயே சொல்லு. மாப்பிள்ளை வரவேற்புக்கு எடுப்பான். எனக்கு மனசு குதிக்கிறது. ஒசாகாவில் மகளுக்கு நிச்சயமா? இல்லை, பெரிய குழுவுக்கே கோச்சாகக் கூப்பிட்டுவிட்டார்களா? அங்கே போக வேண்டும் என்று ஒரு நாள் சொன்ன மாதிரி ஞாபகம். மடிப்பில் விரல் வைத்தால் வெட்டுகிற மாதிரி தேய்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் எழுந்து கேசரி கிண்டினேன். முந்திரி, திராட்சை, நெய் எல்லாம் கடைச் சரக்கு. என் வீட்டுக்காரர், "காலையிலயே என்ன விசேஷம்?" என்றார். "குமேதா சானுக்கு நல்ல காரியம்" என்றேன். அவர் தூக்கக் கலக்கத்தில் திரும்பிப் படுத்துவிட்டார். செண்பாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலைசீவி, பூ இல்லாததனால் ரிப்பன் வைத்து, கையில் செம்பும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவருக்கு எதிரே பெண்பிள்ளை நிறைசெம்போடு வர வேண்டும் இல்லையா? அந்த ஊரில் அவருக்கு அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்?

விடுதி வாசலுக்குப் போகிற நடையில், இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். பந்து வீசுகிறவர்கள் எல்லோரும், விடுதியைப் பார்த்துக்கொள்ளுகிற யாசுகோ அம்மாள், சமையல்காரர். தலை குனிந்து நிற்கிறார்கள். பார், கல்யாண வீட்டில்கூட இப்படி வரிசையில் நிற்க மாட்டார்கள், என்ன மரியாதை என்று நினைத்தேன்.

குமேதா சான் சூட்டோடு அறையிலிருந்து வந்தார். நடையின் இந்தக் கடைசியில் இருந்து நான் செண்பாவை, "போம்மா, எதிரே போ" என்று தள்ளிவிட்டேன். இவள் தண்ணீர் தளும்பத் தளும்ப நடந்து போகிறாள். அவர் நின்றுவிட்டார். பிறகு, அத்தனை மடிப்பாகத் தேய்த்த பேன்ட், அதைப் பார்க்காமல் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். செம்பை இரண்டு கையாலும் வாங்கி, கடகடவென்று அவ்வளவு தண்ணீரையும் குடித்தார். குடிக்கக் கொடுத்தது என்று நினைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. யாசுகோ அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு என்றுதான் நினைத்தேன்.

நான் போய்க் கேசரியை நீட்டினேன். அப்புறம் எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. ஃபோனை எடுங்கள் என்று கையால் காட்டினேன். அவர் எடுத்து நீட்டினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அதில் வாய் வைத்துப் பேசினேன்.

"நல்ல காரியத்துக்குக் கிளம்பிட்டீங்க. எனக்கு ரொம்பச் சந்தோஷம். போயிட்டு ஜெயிச்சு வாங்க."

ஃபோன் கொஞ்சம் யோசித்தது. பிறகு அவர்கள் பாஷையில் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டது. நடையில் நின்றவர்களில் ஒருத்தன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். குமேதா சான் ஃபோனையே பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிந்தார். அங்கேயே நின்று கேசரியைச் சாப்பிட்டார். முழுசும். ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துச் சாப்பிட்டு, டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குக் கடை இடைவேளை. பின்கட்டுக்குப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏட்டி, கூறு இருக்கா உனக்கு? சூட்டு போட்டா வந்தாரு? அக்டோபர்லயா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அக்டோபர்ல ஆபீஸ்லேர்ந்து ஃபோன் வந்து, சூட்டு போட்டு வாங்கன்னு சொன்னா சீட்டு கிழிஞ்சுதுன்னு அர்த்தம். அடுத்த வருசத்துக்கு நீ வேண்டாம்னு மரியாதையா சொல்லுவாங்க. இங்க சாப்பிட வர்ற ஆட்டக்காரப் பயலுவ, அந்த ஃபோன் வந்துருமோன்னு பயந்து, இந்த மாசம் பூரா ஃபோனைத் திருப்பிக் கவுத்தி வச்சிட்டுல்லா சாப்பிடுதானுவ! அந்த மனுசனுக்கா கேசரி கிண்டிட்டுப் போனே?"

"எங்கிட்ட அவரு சொல்லவே இல்லையே" என்றேன்.

"தெனமும் வந்து பேசுவாருன்னு சொன்னே?"

"பேசுவாரு."

"எட்டு மாசமா என்னதான் பேசினாரு?"

தங்கச்சி, வாயைத் திறந்தால் மழை பெய்தது, ஏழு வருஷம், தோள், இவ்வளவுதான் வருகிறது. உன்னிடம் சொன்னேனே, அதுதான் மொத்தமும். தினமும் கால் மணி நேரம் பேசின மனுஷன்.

நான் கேட்கவே இல்லை. அந்தப் பொம்பளையின் குரலைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். தமிழைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். டீச்சர் ஞாபகம் வரும், பள்ளிக்கூடத்து வேப்பமரம் ஞாபகம் வரும், என் அம்மா ஞாபகம் வரும். சத்தம் நின்றதும் ஹாய் என்பேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதுதான் ஒன்று மேலே வந்தது. ஜூன் மழையில், உள்ளே கொடி கட்டிக் காயப்போட்ட நாளில், "இருபத்தாறாம் வயதில் தொலைபேசி ஒலித்தது. சூட் அணிந்து வரச் சொன்னார்கள். நான் புரிந்துகொண்டேன்" என்று அந்தக் குரல் சொல்லியிருக்கிறது. புரிந்துகொண்டேன் என்பதை எவ்வளவு அழகாகச் சொல்லுகிறாள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இது இரண்டாவது தடவை.

அது மட்டும் இல்லை. செப்டம்பரில் ஒரு நாள் ரொம்ப நேரம் பேசினார். சிகரெட்டைப் பற்றவைத்து, பிடிக்க மறந்து, அது விரல் வரைக்கும் எரிந்து வந்தது. பேசி முடித்து என் முகத்தையே பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு ஹாய் என்றேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஐந்து மாதமாகக் குடைந்து பார்க்கிறேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போகும்போது அவருடைய அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். புதிதாக வந்த கோச் துண்டு கொடுப்பதில்லை. கனமான ரப்பர் பந்தோ என்னவோ கொடுக்கிறார். பின்பக்கம் இவர் வருவதும் இல்லை. எனக்கும் வேலை பத்தரைக்கே முடிந்துவிடுகிறது.

குமேதா சான் இப்போது இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறாராம். கடைக்குச் சாப்பிட வருகிற ஒரு ஆட்டக்காரனிடம் என் வீட்டுக்காரர்தான் கேட்டு, அவன் கையாலேயே ஸ்டாப் பேரை எழுதி வாங்கி, உப்பு டப்பாவுக்குக் கீழே வைத்திருந்தார். போன மாதம் போய்ச் சும்மா திரும்பினேனே, அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சீட்டை நான் கசக்கிப் போட்டுவிட்டேன். நேற்றுப் பார்த்தால் டப்பாவுக்குக் கீழே இன்னொரு சீட்டு. இன்றைக்குக் காலையில் எலுமிச்சைச் சாதம் வேறே கட்டி வைத்திருந்தார், மூன்று பேர் சாப்பிடுகிற அளவு. அவருக்குப் பேசத் தெரியாது, என்ன செய்ய.

அடுத்ததா? அடுத்த ஸ்டாப்பா?

தங்கச்சி, தங்கச்சி, ஒரு காகிதம் இருக்கா? அவர்கள் எழுத்தில் எழுதிக் கொடு. ஃபோனில் பேசினால் மறுபடி ஏதாவது ஆகிவிடும். மன்னித்துவிடுங்கள் என்றா? வேண்டாம். நான் மன்னிப்புக் கேட்டால் அவரும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்பார், நாலு தடவை குனிவார், நானும் குனிவேன், அதோடு முடிந்துவிடும். இப்படி எழுது. "முதலில் இருந்து சொல்லுங்கள். போன தடவை நான் கேட்கவில்லை." அவ்வளவுதான். கேட்கவில்லை என்பதை நன்றாகப் பெரிதாக எழுது, வெட்கப்பட்டு நான் விரலால் மறைத்துவிடுவேன்.

செண்பா, எந்திரி. எந்திரிடி தங்கம். ஒரு செருப்பைக் காணோமே, சீட்டுக்கு அடியில் பாரேன். கிடைத்ததா? கொடு.

அதோ, கம்பி வலைக்கு உள்ளே. தொப்பி போட்ட பிள்ளைகள். உயரமாக நிற்கிறது அவர்தான். ஐயோ தங்கச்சி, போனதும் முதல் வார்த்தை என்ன சொல்ல? காகிதத்தைச் சும்மா நீட்ட முடியுமா? வணக்கம் சொல்லத் தெரியும். அதற்கு அப்புறம்? பேரைச் சொல்லவா?

அவருக்கு என் பேர் தெரியாது. நான் சொன்னதே இல்லை. அந்த ஊரில் யாருக்குமே தெரியாது, சமையல்காரர் பெண்டாட்டி என்பார்கள், செண்பா அம்மா என்பார்கள். உன்னிடமும் இவ்வளவு நேரம் சொல்லவில்லை பார்.

பொன்மாரி. என் பேர் பொன்மாரி.

டிரைவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லு, இறங்குகிறேன்.